முப்பது நாளில் ஸ்பானிஷாம்... யார் காதில் பூ?

"முப்பதே நாளில் சரளமாக ஸ்பானிஷ் பேசலாம்!"

இந்த மாதிரி ஒரு வரியைப் பார்க்காதவர் யாரும் இருக்க முடியாது. புத்தகக் கண்காட்சியில் அட்டை மேல் இருக்கும். மின்கம்பத்தில் ஒட்டிய நோட்டீசில் இருக்கும். மொபைலைத் திறந்தால் விளம்பரமாக வந்து நிற்கும். சில இடத்தில் முப்பது நாள் மூன்று மாதம் ஆகும், சில இடத்தில் "தினமும் 15 நிமிடம் போதும்" என்று ஆகும். பாட்டில் மாறினாலும் சரக்கு ஒன்றுதான்.

சரி, சண்டை போடுவதற்கு முன்னால் ஒரு சின்னக் கணக்கு.

அமெரிக்க வெளியுறவுத் துறைக்கு ஃபாரின் சர்வீஸ் இன்ஸ்டிடியூட் என்று ஒரு பயிற்சி நிலையம் உண்டு. வெளிநாட்டுக்குப் போகும் தூதரக அதிகாரிகளுக்கு அங்கேதான் மொழி சொல்லித் தருகிறார்கள். பல பத்தாண்டு அனுபவத்தில் அவர்கள் கண்ட கணக்கு இது: ஆங்கிலம் பேசுகிற ஒருவர், ஸ்பானிஷில் அலுவலக வேலை பார்க்கிற அளவுக்கு வர 600 முதல் 750 வகுப்பு மணி நேரம் ஆகும். வாரத்துக்குச் சுமார் 25 மணி வீதம் முப்பது வாரம் வரை. அதுவும் எப்படி? நாலைந்து பேர் உட்காரும் வகுப்பு, படிப்பதற்கே சம்பளம், வீட்டுப்பாடம் தனி. இத்தனை ராஜமரியாதையோடும் 750 மணி! (இதே பட்டியலில் தமிழுக்கு 44 வாரம், 1,100 மணி நேரம். ஸ்பானிஷ் இருப்பது எளிய மொழிகளின் வரிசையில், தமிழ் இருப்பது கடினமான மொழிகளின் வரிசையில். தமிழ் பேசுகிறவர்கள் ஒரு நிமிடம் காலரைத் தூக்கிவிட்டுக்கொள்ளலாம்.)

இப்போது அந்த நோட்டீசுக்கு வருவோம். முப்பது நாளில் மொத்தம் எத்தனை மணி நேரம்? 720. அதாவது ஒருவர் தூங்காமல், சாப்பிடாமல், குளிக்காமல் முப்பது நாளும் ஸ்பானிஷ் வகுப்பிலேயே உட்கார்ந்திருந்தாலும் 30 மணி நேரம் குறைகிறது! மூன்று மாதம் என்றால் தினமும் எட்டு மணி இருபது நிமிடம், ஞாயிற்றுக்கிழமை கிடையாது, தீபாவளி கிடையாது. தினமும் 15 நிமிடம் என்றால் 3,000 நாள். எட்டு வருடத்துக்கும் மேல். இன்று முதல் வருடம் சேர்ந்த பொறியியல் மாணவன் படிப்பை முடித்து, வேலைக்குப் போய், கல்யாணமும் ஆகி, பிள்ளையை எல்கேஜியில் சேர்க்கும்போது ஸ்பானிஷ் பேச ஆரம்பிப்பான்.

பணம் போவது கூடப் பெரிய விஷயமில்லை. நாலாயிரமோ ஐயாயிரமோ, வேறு எதிலாவது போயிருக்கும். இதில் உண்மையிலேயே போவது வேறு ஒன்று. முப்பதாவது நாள் முடிந்து வாயைத் திறந்தால் வார்த்தை வராது. அப்போது எந்த மாணவனும் "விளம்பரம் பொய்" என்று சொல்வதில்லை. "எனக்கு மொழி வராது" என்கிறான். வாழ்நாள் முழுக்க அதையே சொல்லிக்கொண்டு திரிகிறான். அடுத்து ஜெர்மன் படிக்கச் சொன்னாலும் அதே பதில், ஜப்பான் மொழி என்றாலும் அதே பதில். 40 மணி நேரப் படிப்பில் 750 மணி நேரப் பலன் வரவில்லை என்பதற்காக ஒரு ஆள் தன்னை முட்டாள் என்று முடிவு கட்டிக்கொள்வது எவ்வளவு பெரிய அநியாயம்!

சரளம், சரளம் என்கிறார்களே, அது என்ன? ஐரோப்பிய கவுன்சில் 2001ல் வெளியிட்ட அளவுகோலில் ஏ1 முதல் சி2 வரை ஆறு படிகள். ஏ1 என்பது பெயர், ஊர் சொல்லி, காபி கேட்டு, விலை விசாரிக்கிற நிலை. பழக்கமில்லாத ஒரு ஆளோடு, அவரும் திணறாமல் இவரும் திணறாமல் பேச முடிவது நாலாவது படியான பி2ல்தான். மூன்று மாத வகுப்பு முடித்துக் கையில் வாங்குகிற வண்ணக் காகிதம் பெரும்பாலும் ஏ1. ஆனால் நோட்டீசில் போட்டிருப்பது சரளம். முதல் மாடிக்கு டிக்கெட் விற்றுவிட்டு மொட்டை மாடி என்று போர்டு மாட்டுவது மாதிரி. ஸ்பெயின் அரசு 1991ல் தொடங்கிய செர்வாந்தெஸ் நிறுவனத்துக்கு 2009 முதல் டெல்லியிலும் கிளை இருக்கிறது. அவர்கள் நடத்தும் தெலே தேர்வில், எந்தப் படிக்கு எழுதினாலும், நேருக்கு நேர் பேசிக் காட்டும் பகுதி ஒன்று உண்டு. நிஜமாகவே பேச வருமா என்று தெரிய வேண்டுமானால் அங்கே தெரிந்துவிடும்.

குற்றம் முழுவதையும் நோட்டீஸ்காரர்கள் தலையில் கட்டுவதும் நியாயமில்லை. பெரிய கல்லூரிகளின் லட்சணமும் ஒன்றும் ஒழுங்கில்லை. அமெரிக்கக் கல்லூரிகளில் அதிகம் பேர் படிக்கும் வெளிநாட்டு மொழி ஸ்பானிஷ்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் மெக்சிகோ, தெருவுக்குத் தெரு ஸ்பானிஷ் பேசும் மக்கள், இதைவிட வசதி எங்கே கிடைக்கும்? ஆனாலும் நாலு செமஸ்டர் ஸ்பானிஷ் படித்துவிட்டு பீர் கேட்கவும் கழிப்பறை எங்கே என்று கேட்கவும் மட்டுமே தெரிந்தவர்கள் என்பது அங்கே பழைய ஜோக். 1967ல் ஜான் கரோல் என்ற உளவியலாளர் 200க்கும் மேற்பட்ட கல்லூரிகளில், மொழியையே முதன்மைப் பாடமாக எடுத்த கடைசி ஆண்டு மாணவர்களைச் சோதித்தார். ஐந்து வரை போகும் அளவுகோலில் நடுத்தர மாணவன் இரண்டரையை ஒட்டி நின்றான். மொழியையே பட்டமாக வாங்குகிறவன் கதை இது. அந்த நாட்டில் கொஞ்ச காலம் தங்கி வந்தவர்கள் மட்டும் தெளிவாக மேலே இருந்தார்கள்.

காரணம் ரொம்ப எளிது. வாரம் மூன்று மணி, பதினைந்து வாரம், ஆக ஒரு செமஸ்டருக்கு 45 மணி. வகுப்பில் முப்பது பேர். ஆசிரியர் வாயையே திறக்காமல் இருந்தாலும் ஒரு மாணவனுக்குப் பேசக் கிடைப்பது ஒன்றரை மணி நேரம். ஆசிரியர் வாயை மூடிக்கொண்டிருந்த வகுப்பு உலகத்தில் எங்காவது உண்டா? அவர் பாதி நேரம் பேசினால் 45 நிமிடம். ஒரு செமஸ்டர் முழுக்க 45 நிமிடம் தண்ணீரில் இறங்கியவன் நீச்சல் வரவில்லை என்று அழுதால் என்ன சொல்வது?

இந்த முறை எங்கிருந்து வந்தது என்றால், செத்துப்போன மொழிகளிலிருந்து. லத்தீனும் பழைய கிரேக்கமும் யாரிடமும் பேசுவதற்காகச் சொல்லித் தரப்படவில்லை, படித்து மொழிபெயர்க்கச் சொல்லித் தந்தார்கள். அந்த அச்சிலேயே உயிருள்ள மொழிகளையும் வார்த்துவிட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்க ராணுவத்துக்கு அவசரமாக வாய் திறந்து பேசுகிற ஆட்கள் தேவைப்பட்டபோதுதான் இது உதவாது என்று உறைத்தது. பிறகு வாக்கியங்களைக் கிளிப்பிள்ளை மாதிரி திருப்பிச் சொல்ல வைக்கும் முறை வந்தது, 1960களில் அதுவும் அலுத்துப்போனது. அடுத்து, நிறையக் கேட்டால் போதும், பேச்சு தானாக வரும் என்று ஸ்டீபன் கிராஷென் சொன்னார். கனடாவில் வருடக்கணக்காக பிரெஞ்சு வழியிலேயே பள்ளிப் பாடம் படித்த பிள்ளைகளைக் கவனித்த மெரில் ஸ்வெய்ன் 1985ல் பதில் சொன்னார்: கேட்டால் நன்றாகப் புரிந்துகொள்கிறார்கள், ஆனால் பேசினால் இலக்கணம் தடுமாறுகிறது, ஏனென்றால் பேசச் சொல்லி யாரும் அவர்களை நெருக்கவில்லை. வாயால் வர வேண்டியது வாயைப் பயன்படுத்தினால்தான் வரும். இதைக் கண்டுபிடிக்கக் கனடா வரை போக வேண்டுமா என்று பாட்டிகள் கேட்பார்கள், அது வேறு விஷயம்.

இப்போது எதிர்க்கட்சிக்கு வருவோம். "இதெல்லாம் சின்ன வயசுல கத்துக்கணும் சார், இருபது வயசுக்கு மேல மூளையில ஏறாது" என்கிற கட்சி. இவர்கள் நோட்டீஸ்காரரை விட ஆபத்தானவர்கள், ஏனென்றால் அறிவியல் பேசுகிறார்கள். 2018ல் ஹார்ட்ஷோர்ன், டெனன்பாம், பிங்கர் மூவரும் சுமார் 6,70,000 பேரை இணையத்தில் சோதித்து ஒரு ஆய்வு வெளியிட்டார்கள். உடனே "பத்து வயதுக்கு மேல் புது மொழி கஷ்டம்" என்று செய்தி பரவியது. ஆய்வு சொன்னது என்ன? ஆங்கில இலக்கணத்தைப் பிடிக்கும் திறன் 17 வயது தாண்டும் வரை இறங்கவே இல்லை. பத்து வயதுக் கணக்கு, அந்த மொழியிலேயே பிறந்து வளர்ந்தவர் போல ஆவதற்கு மட்டும். போகோத்தாவில் பிறந்தவன் மாதிரி பேச வேண்டும் என்று யார் கேட்டார்கள்? வேலைக்கான நேர்முகத்திலோ, விமான நிலையத்திலோ, ஒரு பெண்ணிடமோ (ஹி ஹி) தடுமாறாமல் பேச வேண்டும், அவ்வளவுதானே. 1978ல் கேத்தரின் ஸ்னோவும் மாரியான் ஹோஃப்னாகல்-ஹோலும் ஹாலந்தில் குடியேறிய ஆங்கிலக் குடும்பங்களைப் பார்த்தபோது, முதல் சில மாதங்களில் டச்சு மொழியை வேகமாகப் பிடித்தவர்கள் பதின்வயதினரும் பெரியவர்களும். மூன்று, நான்கு வயதுக் குழந்தைகள் பின்னால்தான் வந்தார்கள்.

ஆய்வு பிடிக்காதவர்களுக்கு ஆட்களைக் காட்டலாம். போலந்துக்காரரான ஜோசப் கான்ராட் இருபது வயதை ஒட்டித்தான் ஆங்கிலத்தைத் தொட்டார். கடைசி வரை உச்சரிப்பில் போலந்து வாடை போகவில்லை. ஆனால் ஆங்கில நாவல் வரலாற்றில் அவரை விட்டுவிட்டு எழுத முடியாது. அவ்வளவு தூரம் எதற்கு, வீரமாமுனிவர் இருக்கிறாரே! 1680ல் இத்தாலியில் பிறந்தவர், தமிழ்நாட்டுக்கு வந்தபோது வயது முப்பதை ஒட்டி. அதற்குப் பிறகு படித்த தமிழில் 3,615 பாடல்களில் தேம்பாவணி, கூடவே சதுரகராதி என்ற அகராதி. தேம்பாவணியைப் பாடத்தில் மனப்பாடம் செய்த அதே மாணவன், இருபது வயதில் "லேட் ஆயிடுச்சு" என்று பெருமூச்சு விடுவது வேடிக்கை. எட்டாம் வகுப்போடு நின்று துபாய்க்கு வேலைக்குப் போனவர்கள் இரண்டு வருடத்தில் இந்தியும் மலையாளமும் பேசிக்கொண்டு ஊர் திரும்புகிறார்கள். அவர்களுக்கு இந்த ஆய்வுகளைப் பற்றி யாரும் சொல்லவில்லை போலும்.

ஆக, குறுக்கு வழியும் பொய், வழியே இல்லை என்பதும் பொய். இனிமேல்தான் முக்கியமான விஷயம். தமிழ் மாணவன் ஸ்பானிஷ் படிக்கும்போது அவனுக்கு நடக்கும் மிகப் பெரிய அநியாயம், அதை ஆங்கிலம் வழியாகப் படிக்க வைப்பது.

பெரும்பாலான பாடப்புத்தகங்கள் ஆங்கிலம் பேசுகிறவனுக்காக எழுதப்பட்டவை. அவனுக்கு எங்கே இடறுமோ அங்கேயெல்லாம் பத்துப் பக்கம் விளக்கம். அதில் முக்கால்வாசி இடத்தில் தமிழனுக்கு இடறவே இடறாது. ஆனால் ஆங்கிலக்காரன் போட்டுக்கொண்ட ஊன்றுகோலை இவனும் கக்கத்தில் வைத்துக்கொண்டு நொண்டுகிறான்.

முதலில் ஒலி. "ஒன்றுமில்லை" என்பதற்கு ஸ்பானிஷ் சொல் நாதா. நடுவில் வருவது "அது", "இது" என்பதில் வருகிற அதே மெல்லிய த. ஆங்கிலம் வழியாக வருகிறவன் அதை டி என்ற எழுத்தாகப் பார்க்கிறான், நாடா என்கிறான். பாவாடை நாடா! நீ என்பதற்கு தூ, இவன் சொல்வது டூ. எல்லாம் என்பதற்கு தோதோ, இவன் வாயில் டோடோ. மத்ரித் நகரம் மாட்ரிட் ஆனதும் இப்படித்தான். சொல்லின் முதலில் வல்லினமாகவும் இடையில் மென்மையாகவும் ஒலிப்பது தமிழில் குழந்தைக்குக்கூடத் தெரியும், யாரும் விதி சொல்லித் தர வேண்டியதில்லை. ஸ்பானிஷ் 'த'வும் கிட்டத்தட்ட அதே பாதையில் போகிறது. ஆங்கிலத்தில் ஞ ஒலிக்குத் தனி எழுத்து இல்லை, தமிழில் இருக்கிறது. ஸ்பானிஷ்காரர்கள் தங்கள் மொழியைச் சொல்லும் பெயரே எஸ்பஞோல். ர, ற வேறுபாட்டையும் பாருங்கள். பெரோ என்றால் ஆனால், பெர்ரோ என்றால் நாய். சென்னைக்காரர்கள் கரையையும் கறையையும் ஒன்றாக்கிவிட்டதால் இங்கே கொஞ்சம் உழைக்க வேண்டும். குமரி மாவட்டத்துப் பெரியவர்கள் வாயில் அந்த ற இன்னும் உருளுகிறது. கேட்டுப் பழகலாம், கட்டணம் கிடையாது.

அடுத்து வாக்கியம். "எனக்குக் காபி பிடிக்கும்" என்பது ஸ்பானிஷில் மெ குஸ்தா எல் கஃபே. மெ என்றால் எனக்கு. ஆங்கிலக்காரனுக்கு இது தலைகீழ் உலகம், ஏனென்றால் அவன் மொழியில் நான்தான் காபியை ஏதோ செய்ய வேண்டும். அதற்காக அவன் புத்தகத்தில் ஒரு அத்தியாயமே இருக்கும். தமிழனுக்கு இதில் என்ன அத்தியாயம்? "எனக்குத் தலை வலிக்குது" என்பது மெ துவேலெ லா கபேசா. "என் தலை" என்று அங்கேயும் சொல்வதில்லை, இங்கேயும் சொல்வதில்லை. (ஒரு எச்சரிக்கை: புத்தகங்கள் பிடிக்கும் என்றால் குஸ்தா குஸ்தான் ஆகிவிடும். தமிழில் பிடிக்கும் மாறாது. அந்த ஒரு இடத்தைப் பார்த்துக்கொண்டால் போதும்.) "மறந்துபோச்சு" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ளாமல் தமிழன் நழுவுகிற மாதிரி, ஸ்பானிஷ்காரன் சே மெ ஓல்விதோ என்று நழுவுகிறான். எனக்கு அது மறந்துபோனது, நான் என்ன செய்ய!

வினையில் ஆள் ஒளிந்திருப்பதும் அப்படியே. "பேசுகிறேன்" என்றாலே நான் என்று தெரிந்துவிடும். ஆப்லோ என்றாலும் அதேதான். தமிழில் ஏன், ஆய், ஆன், ஓம் என்று விகுதி மாற்றிப் பேசியே வளர்ந்தவன், ஸ்பானிஷ் வினை அட்டவணையைப் பார்த்து ஏன் நடுங்க வேண்டும்? ஆங்கிலத்தில் அப்படி இல்லாததால் ஆங்கிலப் புத்தகம் நடுங்குகிறது. அந்த நடுக்கம் இவனுக்கும் தொற்றிக்கொள்கிறது. நீ, நீங்கள் மாதிரி தூ, உஸ்தெத் இருப்பதும் இப்படி ஒன்றுதான்.

செர், எஸ்தார் என்ற இரண்டு வினைகள்தான் ஆங்கிலக்காரனின் பரம வைரிகள். இரண்டுக்கும் அவனிடம் ஒரே சொல். "அவர் டாக்டர்" என்பது செர்: எஸ் மெதிகோ. "அவர் வீட்டில் இருக்கிறார்" என்பது எஸ்தார்: எஸ்தா என் காசா. "கதவு திறந்திருக்கு" என்பதும் எஸ்தார். தமிழில் "இரு" இல்லாமல் முடிகிற வாக்கியம் பெரும்பாலும் ஒரு பக்கம், "இரு" வருகிற வாக்கியம் பெரும்பாலும் இன்னொரு பக்கம். நூற்றுக்கு நூறு பொருந்தாதுதான். ஆனால் தொடங்குவதற்கு இதைவிட நல்ல கைப்பிடி ஆங்கிலத்தில் கிடையாது.

எல்லாவற்றையும் விட அழகான இடம் ஒன்று இருக்கிறது. ஸ்பானிஷில் ஒரு மனிதரைச் செயப்படுபொருளாகச் சொன்னால் முன்னால் அ என்று ஒரு ஒட்டு வரும். மரியாவைத் தேடுகிறேன் என்பது புஸ்கோ அ மரியா. ஆனால் யாராவது ஒரு டாக்டர் கிடைத்தால் போதும் என்று தேடும்போது அந்த அ போய்விடும்: புஸ்கோ உன் மெதிகோ. ஆங்கிலப் புத்தகங்கள் இதை ஏதோ பிரபஞ்ச ரகசியம் போல விளக்கும். தமிழ் வீடுகளில் "பையனுக்குப் பொண்ணு பாக்கறோம்" என்பார்கள். இன்ன பெண் என்று முடிவான பிறகு "பொண்ணைப் பாக்கப் போறோம்" என்பார்கள். அந்த ஐ உருபு எப்போது வரும், எப்போது வராது என்று யாராவது வகுப்புக்குப் போய்க் கற்றார்களா?

"அட, ஒரு மொழியைப் படிக்கும்போது அந்த மொழியிலேயே யோசிக்கணும், தாய்மொழியை உள்ளே விடக்கூடாது" என்று சிலர் கிளம்புவார்கள். சரிதான், ஐந்நூறாவது மணி நேரத்தில். ஐந்தாவது மணி நேரத்தில் எல்லோரும் ஏதோ ஒன்றைப் பிடித்துக்கொண்டுதான் நிற்கிறார்கள். அந்த ஒன்று ஏற்கெனவே பன்னிரண்டு வருடம் பள்ளியில் பயந்து பயந்து படித்த ஆங்கிலமாக ஏன் இருக்க வேண்டும்? ஆங்கிலத்தில் திணறுகிற மாணவனை ஸ்பானிஷ் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வைப்பது எந்த ஊர் நியாயம்? அவனுடைய பிரச்சினை ஸ்பானிஷே இல்லையே.

தமிழ் உதவாத இடங்களும் உண்டு, அதை மறைத்தால் இதுவும் இன்னொரு நோட்டீஸ் ஆகிவிடும். தமிழுக்கு மேசை அஃறிணை, வேலை முடிந்தது. ஸ்பானிஷில் மேசை பெண்பால். கை என்பதற்கான மானோ ஓவில் முடிந்தாலும் பெண்பால், ப்ரோப்லேமா ஆவில் முடிந்தாலும் ஆண்பால். இதைச் சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்வதைத் தவிர வழியில்லை. நடந்து முடிந்ததைச் சொல்லும் இறந்தகாலம் ஒன்று, நடந்துகொண்டிருந்ததைச் சொல்லும் இறந்தகாலம் இன்னொன்று என்பது ஓரளவு பிடிபடும். ஆனால் ஆசை, ஐயம், வேண்டுகோளுக்கென்று வினை தனி வேடம் போடுவது பல மாதம் படுத்தும். போர், பாரா என்ற இரண்டு குட்டிச் சொற்கள் பல வருடம் படுத்தும்.

அப்புறம் கேட்கும் காது. மத்ரித்காரர் பேசுவது ஒரு மாதிரி, சொல்லின் கடைசி எழுத்துகளை விழுங்கும் கியூபாக்காரர் வேறு மாதிரி. அகராதியில் இருக்கும் பொருளும் சில நேரம் கைவிடும். மெக்சிகோவில் ஒருவர் ஆஹோரித்தா வருகிறேன் என்றால் இப்பவே என்றும் இருக்கலாம், ஒரு மணி நேரம் கழித்து என்றும் இருக்கலாம், வரவே மாட்டேன் என்றும் இருக்கலாம். "தோ வந்துட்டேன்" என்று போனில் சொல்லிக்கொண்டே குளிக்கப் போகிற ஊர்க்காரர்களுக்கு இதுவும் புதிதில்லை :-)

பேசுவதற்கு ஆள் எங்கே கிடைக்கும் என்பதுதான் நேர்மையான கேள்வி. குவாத்தமாலாவில் ஆன்திகுவா என்று ஒரு பழைய ஊர். அங்கே ஸ்பானிஷ் பள்ளிகளின் தொழிலே ஒரு ஆசிரியருக்கு ஒரு மாணவன் என்பதுதான். தினமும் நாலைந்து மணி நேரம் எதிரும் புதிருமாக உட்கார்ந்து பேச்சு, மாலையில் உள்ளூர்க் குடும்பத்தோடு சாப்பாடு. நாலு வாரம் அப்படி இருந்தால், வாரத்துக்கு ஐந்து நாள் என்று வைத்தாலும், 80 முதல் 100 மணி நேரம் பேச்சு. செமஸ்டருக்கு 45 நிமிடத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். விமான டிக்கெட்டுக்கு வழியில்லாதவர்களுக்கு இன்று வீடியோ அழைப்பு இருக்கிறது. தமிழ்நாட்டில் காலை ஏழு மணி என்றால் குவாத்தமாலாவில் முந்தின நாள் மாலை ஏழரை. கல்லூரி பஸ் வருவதற்குள் ஒரு மணி நேரம் பேசி முடிக்கலாம். முதல் மாதம் சிரிப்பார்கள், பரவாயில்லை. தூ என்பதற்கு டூ என்றால் ஆசிரியர் திருத்துவார், உயிர் போகாது. ஆங்கிலத்தில் தப்பாகப் பேசினால் சக மாணவர்கள் கேலி செய்வார்களே என்று வாயைக் கட்டிக்கொண்ட தலைமுறைக்கு, தப்பாகப் பேசியும் அவமானப்படாத ஒரு மணி நேரம் எப்படி இருக்கும் என்றே தெரியாது.

பக்கத்திலேயே வகுப்புக்குப் போகிறவர்கள், பணம் கட்டுவதற்கு முன்னால் கவுண்டரில் ஒரே ஒரு கேள்வி கேட்கலாம். வகுப்பில் எத்தனை பேர், ஒரு வகுப்பில் ஒரு மாணவன் எத்தனை நிமிடம் ஸ்பானிஷில் பேசுவான்? நிமிடத்தில் பதில் வந்தால் உள்ளே போய் ஒரு நாள் உட்கார்ந்து பார்க்கலாம். "எங்ககிட்ட ஸ்மார்ட் போர்டு இருக்கு, சர்டிஃபிகேட் தர்றோம்" என்று பதில் வந்தால், வெளியே டீக்கடை இருக்கும்.